ரங்கூனில் ஓர் ஐப்பசிப் பத்தியம்

1

கடல் கடந்து வாழும் சகோதரிகள் தாங்கள் இருக்கும் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் என்ன சமைக்கிறார்கள் என்று எழுதி அனுப்பலாமே என்று நம் பத்திரிகையில் கேட்டிருந்தார்கள். நான் ரங்கூனுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. எழுத விஷயம் இல்லாமல் இல்லை. ஆனால் இத்தனை மிளகு, இத்தனை சீரகம், அடுப்பில் ஏற்றினேன், இறக்கினேன் என்று எழுதி முடிக்க இந்த வருஷம் என்னால் முடியவில்லை. மூன்று தடவை உட்கார்ந்து மூன்று தடவையும் எழுந்துவிட்டேன். மன்னார்குடியில் என் மாமியாரும் இந்தப் பத்திரிகையைப் படிப்பார்கள். அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

முதலில் பத்திரிகைக்கு ஒரு குறை சொல்லிவிடுகிறேன். 'ஐப்பசி அடைமழைக்கு ஏற்ற உணவுகள்' என்று வருஷம் தவறாமல் போடுகிறீர்கள். உங்களுக்கு அடைமழை. எங்களுக்கு ஐப்பசியில்தான் மழை விடுகிறது. வைகாசியில் பிடித்த மழை சுவரில் பாசி, பாயில் பூஞ்சை, உப்பு ஜாடியில் தண்ணீர் என்று எல்லாம் செய்துவிட்டு ஐப்பசியில்தான் ஓய்கிறது. நீங்கள் கதவைச் சாத்திக்கொள்ளும் மாசத்தில் நாங்கள் ஜன்னலைத் திறக்கிறோம். நீர்க்காய்களைக் குறையுங்கள் என்று நீங்கள் எழுதும்போது ஆற்றுக்கு அக்கரை டாலாவிலிருந்து படகு படகாகச் சுரைக்காய் வந்து இறங்குகிறது. போதாக்குறைக்கு, ஊரில் என் தங்கை படித்து முடித்த பிறகுதான் பத்திரிகையை அனுப்புவாள். ஆகவே அடைமழைச் சமையல் என் கைக்கு வந்து சேரும்போது இங்கே பனியில் உதடு வெடித்துக்கொண்டிருக்கும்.

இருந்தும் போன வருஷத்து இதழை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வோர் ஐப்பசியும் அதன்படியே சமைக்கிறேன். வெளியே வெயில் அடிக்கும். உள்ளே நான் அடைமழைக்கு மிளகுக் குழம்பு வைத்துக்கொண்டிருப்பேன். என் வீட்டுக்காரர் துறைமுக ஆபீஸில் குமாஸ்தா. "வேர்த்துக் கொட்டுது, இன்னிக்கும் மிளகா?" என்பார். நான் பாட்டுக்குப் பரிமாறுவேன். எனக்கு அது பிடிவாதம். பிடிவாதம் இல்லாவிட்டால் இந்த ஊரில் நான் யார் என்பதே எனக்கு மறந்துவிடும் என்று பயம்.

2

நாங்கள் இருப்பது ரங்கூனில் லான்மடா என்ற பேட்டையில், ஒரு மரவீட்டின் மேல்மாடி. கீழே டாவ் மியா என்ற பர்மிய அம்மாள், கணவர் இல்லாதவர், இரண்டு பெண்களுடன் இருக்கிறார். 'டாவ்' என்பது இங்கே பெரிய பெண்மணிகளின் பேருக்கு முன் மரியாதைக்குச் சேர்ப்பது. கடைத்தெருவில் தமிழர்களோடு பழகி அவருக்குத் துண்டு துண்டாகத் தமிழ் வரும். எனக்குத் துண்டு துண்டாகப் பர்மியம் வரும். இரண்டு துண்டையும் ஒட்டவைத்துத்தான் எங்கள் பேச்சு.

எங்களுக்கு ஒரே பெண், தனம். ஏழு வயசு. இங்கேயே பிறந்தவள். எண்ணச் சொன்னால் ஒன்று, இரண்டு வராது; தித், ஹ்னித், தோன் என்று பர்மியத்தில்தான் விரல் மடக்குவாள். "தமிழ்ல சொல்லு" என்று அதட்டினால் விரலையே மூடிக்கொள்வாள்.

இந்த வருஷம் தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு அவளுக்கு ஜுரம் கண்டது. எட்டு நாள் விடவில்லை. லேகியம் கிளற வாங்கி வைத்த சாமான் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. ஒன்பதாம் நாள் வேர்த்து உடம்பு குளிர்ந்தபோது, கண்டம் தப்பிவிட்டது, இனி பத்தியச் சாப்பாட்டில் தேற்றிவிடலாம் என்று நம்பினேன். சமையலில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

நான் வைத்த கண்டந்திப்பிலி ரசம் இது. கண்டந்திப்பிலி விரல் நீளக் குச்சி நாலு, மிளகும் சீரகமும் ஒவ்வொரு கரண்டி, துவரம்பருப்பு ஒரு கரண்டி, எல்லாவற்றையும் நெய்யில் சிவக்க வறுத்து அரைத்துக்கொள்ளுங்கள். ஜுரம் விட்ட உடம்புக்குப் புளி சிறு நெல்லிக்காய் அளவுக்கு மேல் கூடாது. புளித் தண்ணீர் பச்சை வாசனை போகக் கொதித்ததும் அரைத்ததைக் கரைத்துவிட்டு, நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். பொங்கவிட்டால் ரசம் கெட்டது. கடுகும் கறிவேப்பிலையும் நெய்யில் தாளியுங்கள். குழைந்த சாதத்தில் ஊற்றி, மணத்தக்காளி வற்றலை நெய்யில் பொரித்துத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தால், படுத்த குழந்தை எழுந்து உட்காரும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள்.

தனம் எழுந்து உட்காரவில்லை. ஒரு வாய் வாங்கி, மறு வாயைத் துப்பினாள். மறுநாள் கஞ்சி. அதற்கு மறுநாள் பருப்புத் துவையலும் சுட்ட அப்பளமும். நம் பத்திரிகையில் பத்தியத்துக்கென்று எத்தனை எழுதியிருந்ததோ அத்தனையும் செய்தேன். கரண்டி பக்கத்தில் வந்தாலே உதட்டை இறுக்கிக்கொண்டாள். கை, கால் குச்சியாயின. ஜுரத்தில் போகாத குழந்தை பட்டினியில் போய்விடுமோ என்று பயந்தேன்.

படுத்தபடியே ஈனக் குரலில், "அமே... அமே..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஜுரத்தில் நாக்கு குழறி 'அம்மா' அப்படி வருகிறது என்று நினைத்து, "இதோ இருக்கேன்டி கண்ணு" என்று ஒவ்வொரு தடவையும் ஓடினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொள்வாள்.

3

பர்மிய பாஷை பொல்லாதது. ஒரே சொல்லை மூச்சு விட்டுச் சொன்னால் உப்பு, விடாமல் சொன்னால் தின்னு, குரலைத் தாழ்த்திச் சொன்னால் எழுத்து. வந்த புதிதில் நான் மூலைக் கடையில் உப்பு கேட்டேன். கடைக்காரர் யோசித்துவிட்டுக் கடிதம் எழுதும் தாள் எடுத்துக் கொடுத்தார். அதையே வாங்கிக்கொண்டு வந்து, அன்றைக்குத் தங்கைக்கு ஒரு கடிதம் எழுதினேன். இந்த மாதிரிக் கதைகளைச் சொல்லிச் சிரிப்பது எங்களுக்குப் பொழுதுபோக்கு. இந்த ஐப்பசியோடு எனக்கு அந்தச் சிரிப்பு போய்விட்டது.

தனத்தை டாக்டரிடம் கொண்டுபோன அன்று நடந்தது அது. வீட்டுக்காரர் ஆபீஸுக்குப் போயிருந்தார். டாவ் மியா தானாகவே மேலே வந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ரிக்ஷாவில் என்னோடு ஏறினார். மருந்துச் சாலையில் டாக்டரைப் பார்க்குமுன் பேர் பதிய வேண்டும். பதிகிற குமாஸ்தா பர்மியர். டாவ் மியா வாசலில் வெயிலுக்குப் பிடித்த குடையை மடக்கிக்கொண்டிருந்தார். தனம் என் மடியில்.

குமாஸ்தா என்னைக் காட்டிக் குழந்தையிடம், "இது யார்?" என்று பர்மியத்தில் கேட்டார்.

"அம்மா" என்றாள் தனம்.

அவர் எழுதிக்கொண்டு என்னைப் பார்த்து, "அமே எங்கே?" என்றார்.

"நான்தான் அம்மா" என்றேன்.

"தெரியும். நீ அமா. அமே வரணும்."

"அம்மா நான்தான்!"

"அமா நீ. சரி. அமே எங்கே? அமே!"

காது கேட்காதவர்களிடம் பேசுவதுபோல நானும் கத்தினேன், அவரும் கத்தினார். சத்தம் கேட்டு டாவ் மியா உள்ளே வந்தார். அவரைக் கண்டதும் தனம் கையைத் தூக்கி, "அமே" என்றாள். அப்பாடா என்று குமாஸ்தா முகம் மலர்ந்து டாவ் மியாவின் பேரை எழுதிக்கொண்டார்.

டாவ் மியா பதறிப்போய் வேகமாக ஏதோ சொன்னார். குமாஸ்தா நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதியதை அடித்தார். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். டாவ் மியாவும் சிரித்தபடி எனக்கு விளக்கினார்: "பர்மா பேச்சுல அமா, அக்கா. அமே, அம்மா. இந்த ஆள் உன்னை அக்கா எழுதிட்டான்."

நானும் சிரித்தேன். சிரிப்பு முடிவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. ஜுரத்தில் நாக்கு குழறவில்லை. கீழ்வீட்டுப் பெண்கள் தங்கள் தாயை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், தினமும் கேட்டும் என் காதில் ஏறவில்லை. அத்தனை நாளும் என் பெண் தெளிவாகத்தான் கூப்பிட்டிருக்கிறாள். அம்மாவைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். நான் போய்ப் போய் நின்றிருக்கிறேன்.

டாக்டர் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "ஜுரம் போயிடுச்சு. இனிமே மருந்து சோறுதான். எது எறங்குதோ அதைக் கொடுங்க. இன்னும் ஒரு வாரம் இப்படியே இருந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

4

சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்து கோட்டைக் கழற்றுவதற்குள் கேட்டேன்.

"அமேன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றார்.

"தனம் அப்படிக் கூப்பிடறது யாரைன்னு தெரியுமா?"

கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "தெரியும்" என்றார் மறுபடியும்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னத்தைச் சொல்றது? நீ நாலு மாசம் படுத்த படுக்கையாக் கெடந்தே. கொழந்தை கீழ வளர்ந்துது. அந்த ரெண்டு பொண்ணுங்களும் கூப்பிடற மாதிரி இவளும் கூப்பிட்டா. பசிச்சா சோறு போட்டாங்க. இதைப் போய் உன்கிட்ட எந்த வாயால சொல்லுவேன்?"

அந்த நாலு மாசத்தைப் பற்றி நான் ஊருக்கு எழுதியதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் பிரசவத்தில் எனக்கு ஓர் ஆண் குழந்தை தங்காமல் போயிற்று. சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். தனம் எப்போது குளித்தாள், யார் தலை வாரினார்கள், எங்கே தூங்கினாள், எதுவும் எனக்குத் தெரியாது. கீழ்வீட்டில் என்ன சாப்பிட்டாள் என்றும் நான் கேட்கவில்லை. நாங்கள் சைவம். அவர்கள் சமையலில் மீன் இல்லாத நாள் கிடையாது. கேட்காமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது. நான் எழுந்து நடமாடிய பிறகு அவளை மேலே அழைத்துக்கொண்டேன். குளிப்பாட்டி, நெற்றிக்கு இட்டு, இனி எல்லாம் பழையபடி என்று நினைத்துக்கொண்டேன்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். நல்லவள் என்ற பேர் வாங்க இதை எழுதவில்லை. மறுநாள் காலையில் டாவ் மியா வந்து கதவைத் தட்டினார். "தனம் சாப்டுச்சா?" என்றார். கதவைத் திறக்காமலே, "தூங்கறா" என்றேன். மத்தியானமும் வந்தார். அதே பதில். மூன்று நாள் கதவைத் தாழ் போட்டே வைத்திருந்தேன். ஒவ்வொரு தட்டலுக்கும் தனம் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "அமே" என்றாள். "அம்மா இங்கதாண்டி இருக்கேன்" என்று அவள் முகத்தை என் பக்கம் திருப்பினேன். கப்பலேற்றி மன்னார்குடிக்குக் கொண்டுபோய்விட்டால் அந்தச் சொல்லே அவளுக்கு மறந்துபோகும் என்றுகூட கணக்குப் போட்டேன். உட்கார முடியாத குழந்தையை எந்தக் கப்பலில் ஏற்றுவது? என் குழந்தை சாப்பிட வேண்டும் என்பதைவிட என் கையால் சாப்பிட வேண்டும் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது. இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

மூன்றாம் நாள் ஐப்பசிப் பௌர்ணமி. இங்குள்ள சிவன் கோயிலிலும் அன்னாபிஷேகம் உண்டு. வீட்டுக்காரர் இலையில் பிரசாதம் கொண்டு வந்தார். வெறும் சாதம். சுவாமிக்குச் சாத்தி எடுத்தது. இதை எப்படி வேண்டாம் என்பாள் என்று ஒரு வெறி எனக்கு. அவள் கன்னத்தை இரண்டு விரலால் அழுத்தி வாயைத் திறந்து ஊட்டினேன். புரையேறி, குமட்டி, எல்லாம் வெளியே வந்துவிட்டது. அவள் அழக்கூட இல்லை. அழ உடம்பில் தெம்பு வேண்டுமே. கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். என் விரல் பதிந்த இடம் சிவந்திருந்தது.

"நீ மனுஷிதானா?" என்றார் என் வீட்டுக்காரர். பதினோரு வருஷத்தில் அவர் என்னை அப்படிக் கேட்டதில்லை.

5

மறுநாள் காலையில் நானே தாழைத் திறந்து கீழே இறங்கினேன்.

டாவ் மியாவும் பெண்களும் முறம் நிறைய மொட்டு ஆய்ந்துகொண்டிருந்தார்கள். மெஸலி என்று இங்கே ஒரு மரம். நம் ஊரில் மஞ்சள்கொன்றை என்போமே, அதுதான். இந்தப் பௌர்ணமி ராத்திரியில் அதன் மொட்டில் எல்லா மருந்தின் சக்தியும் வந்து இறங்குகிறதென்று பர்மியர்கள் நம்புகிறார்கள். நமக்குத் தீபாவளி லேகியம் எப்படியோ, அப்படி அவர்களுக்கு இது. பறித்த மொட்டை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடியும் வேகவைத்துக் கொட்டி, நன்றாகப் பிழிய வேண்டும். வறுத்த எள், இடித்த வேர்க்கடலை, எண்ணெயில் பொன்னிறமாக வதக்கிய வெங்காயமும் பூண்டும், உப்பு, எலுமிச்சம்பழச் சாறு சேர்த்துக் கையால் பிசைய வேண்டியதுதான். கருவாட்டுத்தூள் போடுவார்கள், எங்களுக்கென்று ஒரு பங்கை அது போடாமல் தனியாக எடுத்து வைப்பது டாவ் மியாவின் வழக்கம். கசப்புதான். ஆனால் எள்ளும் கடலையும் அந்தக் கசப்பைத் தாங்கிக்கொள்ளும். கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், வயிற்றை இளக்கும். நோயில் கிடந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது.

மூன்று நாள் கதவைச் சாத்தியவளுக்கு அன்றைக்கும் தனிப் பங்கு ஒரு கிண்ணத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தனம் அமேயைக் கூப்பிடுகிறாள்" என்று எனக்குத் தெரிந்த பர்மியத்தில் சொன்னேன். அந்தச் சொல்லை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

டாவ் மியா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நான் வரேன். பக்கத்துல உக்காறேன். நீ சோறு கொடு."

"என் சோறு எறங்கல. இங்க இருக்கறப்ப அவளுக்கு என்ன கொடுத்தீங்களோ, அதையே கொடுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது மீன். உங்க வீடு ஆகாது."

"தெரியும்."

"ஐயா திட்டும்."

"திட்டட்டும்."

கொஞ்சம் யோசித்து, "தனத்தைக் கீழ தூக்கி வா. இங்கே குடுப்போம். உன் அடுப்பு, உன் பாத்திரம், ஒண்ணும் ஆகாது" என்றார். என் ஆசாரத்தை என்னைவிட அவர்தான் பத்திரமாக வைத்திருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

"வேண்டாம். மேலேயே கொண்டு வாங்க" என்றேன்.

விரால் மீனும் சுரைக்காயும் போட்டு மிளகு தட்டிய தெளிந்த சாறு அது. அவர்கள் ஹிஞ்சோ என்கிறார்கள். எப்படிச் செய்கிறார்கள் என்று நான் கவனிக்கவில்லை, எழுதவும் போவதில்லை. சாறு கொதித்து முடியும்வரை அந்த வீட்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். மா டின் என்ற மூத்த பெண் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மேலே வந்தோம். என் வீட்டுக்காரர் மீன் வாசனை வந்ததும் தலையை நிமிர்த்தினார், பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தனத்தைத் தூக்கிச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தார்.

"அமே" என்றாள் தனம். டாவ் மியா சாதத்தைச் சாற்றில் குழையப் பிசைந்து, முள் இல்லையே என்று இரண்டு விரலால் தடவிப் பார்த்து ஊட்டினார். முதல் வாய் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமா என்று கேட்டால் சந்தோஷம்தான். ஆனால் நெஞ்சில் யாரோ மிதிக்கிறது போலவும் இருந்தது. என் குழந்தை பிழைக்கப் போகிறாள், என் கையால் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே வயிற்றில் இருந்தன.

ஆறு வாய் ஆனதும் தனம் போதும் என்று தலையை ஆட்டினாள். ஏழாவது வாய் டாவ் மியாவின் விரலில் இருந்தது. அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். கையில் பலம் இல்லை, பாதி பாயில் சிந்தியது. மீதியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அம்மா" என்றாள்.

என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டாவ் மியா குழந்தையின் கையைத் தடுக்கப் போனார். தமிழில் அம்மாவா, பர்மியத்தில் அக்காவா, தனம் எந்தப் பாஷையில் என்னைக் கூப்பிட்டாள் என்று அவர்கள் இருவருக்கும் தெரிந்திருக்கலாம். நான் கேட்டுக்கொள்ளவில்லை. மீன் என்று தெரிந்தேதான் வாயைத் திறந்தேன்.